மூன்று விழுக்காட்டுக் கசிவு

‘நெடுவழி’ விண்கலத்தை மூடிவிடலாம் என்னும் குறிப்பில் மூவர் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தனர். நான்காவது கட்டம் சங்கரநயினாருக்கு உரியது. அவர் எங்கே எழுத வேண்டும் என்பதை யாரோ பென்சிலால் சிறு பெருக்கற்குறியிட்டுக் காட்டியிருந்தார்கள். முப்பத்தாறு ஆண்டுகளாகக் கோப்புகளில் கையொப்பமிட்டு வந்த ஒருவருக்கு அந்தக் குறி தேவையே இல்லை. இருந்தும் இட்டிருந்தார்கள். ஓர் உயிரை அணைக்கும் தாளாக இருந்தாலும் அது பிழையின்றி நிரப்பப்பட வேண்டும் என்பதில் மட்டும் நம் அலுவலகங்கள் ஒருபோதும் தவறியதில்லை.

வல்லநாட்டு மலைக்குப் பின்புறம் இருந்த தொலைவான் கழகத்தில் அவர் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவர். எந்த விண்கலம் புறப்படுவதானாலும் அதற்கு எவ்வளவு எரிபொருள், எவ்வளவு கம்பி, எத்தனை ஆள்நாள் என்று முதலில் எழுதுபவர் அவரே. அந்த மே மாதத்தில் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. முப்பத்தொன்றாம் நாள் பிற்பகலோடு பணி ஓய்வு. அதற்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன.

கோப்பைக் கொண்டுவந்த செய்யது மீரான் மேசையருகே நின்றார். அவர் தொடர்புக் கூடத்தின் பொறுப்பாளர். விண்கலங்கள் அனுப்பும் மடல்கள் யாவும் அவர் கையைக் கடந்துதான் பிறருக்கு வரும்.

“என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டே இருக்கீங்க? கையெழுத்து மறந்து போச்சா?”

“மறக்கல வே. யாரு கழுத்துக்குன்னு பாக்கேன்.”

“மேல அண்ணாச்சி கழுத்துக்குக் கீழ அண்ணாச்சி கையெழுத்து. பங்காளிச் சண்டையில கூட நோட்டீசு அடுத்தவன் கையாலதான் வரும். இங்க தன் கையால தனக்கே!”

“வாய மூடிக்கிட்டு உக்காரும்.”

கழகத்தில் அனைவரும் அப்படித்தான் சொல்வார்கள். சங்கரநயினார் கீழ அண்ணாச்சி. நெடுவழிக்குள் இருந்து அதை நடத்தும் மனநகல் மேல அண்ணாச்சி. சங்கரநயினாரின் முப்பத்தெட்டாம் வயதில் அவருடைய மனத்திலிருந்து அது படியெடுக்கப்பட்டது.

நெப்டியூனின் தொலைவுக்குச் செல்லும் கலம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கு எட்டு மணி நேரம் ஆகும். ஆகவே முடிவெடுக்கும் மனம் ஒன்று கலத்திலேயே இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தார்கள். முதலில் இயற்பியலாளர் ஒருவரின் மனத்தைப் படியெடுத்துச் சோதனைக் கூடத்தில் பாவனைப் பயணம் விட்டார்கள். கண்ட கல்லையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து, அது மூன்றே ஆண்டில் எரிபொருளைத் தீர்த்துவிட்டது. விமானி ஒருவரின் மனம் நான்காம் ஆண்டில் தீர்த்தது. அப்போது எவரோ கேலியாக, “மதிப்பீட்டுப் பிரிவுச் சங்கரநயினாரைப் போட்டுப் பாருங்கள், குண்டூசிக்கே மூன்று கடிதம் கேட்பவர்” என்றார். போட்டுப் பார்த்தார்கள். பாவனைக் கலம் முப்பத்தோர் ஆண்டு ஓடியது. கேலி செய்தவருக்குப் பிற்காலத்தில் விருது கிடைத்தது. சங்கரநயினாருக்கு ஓர் ஊதிய உயர்வும் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும் கிடைத்தன.

மூன்று படிகளில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அதன் பதினோராம் கட்டத்தில் ‘பணிக்காலம்’ என்று இருந்தது. இதில் என்ன எழுதுவது என்று அன்றைய இயக்குநரிடம் கேட்டார். “வேற துறைக்கு அனுப்புற அயற்பணி மாதிரி நெனச்சுக்கிட்டு ஏதாவது எழுதும்” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார். கட்டத்தை வெறுமையாக விடுவது சங்கரநயினாருக்கு வழக்கமில்லை. ஏதோ எழுதினார். அடுத்த அரைமணி நேரத்தில் அவரை நாற்காலியில் சாய்த்துத் தலையில் வலையை மாட்டினார்கள். மாலையில் அவர் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாற்காலியில் இருந்த இன்னொருவர் வீட்டுக்கு வரவில்லை.

“காரணம் படிச்சீங்களா?” என்றார் மீரான். “எரிபொருள் முந்நூறு கிராம்தான் மிச்சமாம். பூமியப் பாத்து முகத்தத் திருப்பக்கூட அடுத்த வருசம் இருக்காது. நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பனிக்கோளுக்குப் போய்ச் சேர இன்னும் ஏழு வருசம் கெடக்கு. ஊமையாப் போற கலத்துக்கு ஆண்டெனா எதுக்குன்னு கேக்கான்.”

“ஆண்டெனா நேரம் யாருக்குப் போகுது?”

“நெலாவுல விளம்பரம் எழுதுதானே ஒரு கம்பெனி, அவனுக்கு. பவுர்ணமிக்குப் பவுர்ணமி சோப்பு பேரு தெரியுமாம். பிள்ளைங்களுக்கு நெலாச் சோறு ஊட்டும்போது அப்படியே சோப்பையும் வாங்கிக்கிடலாம்.”

சங்கரநயினார் சிரிக்கவில்லை. கோப்பின் இறுதியில் இருந்த எரிபொருள் அறிக்கையைப் புரட்டினார். தொடக்க இருப்பு, செலவு, கசிவு, இறுதி இருப்பு என நான்கே நிரல்கள். மேல அண்ணாச்சி ஆண்டுதோறும் அனுப்புவது. கசிவு என்னும் நிரலில் அவருடைய விரல் நின்றது.

“மீரான், தொடக்கத்துலயிருந்து இருவத்திரண்டு அறிக்கையும் வேணும்.”

“இப்பவா? கையெழுத்து?”

“அது எங்கயும் ஓடாது.”

*

இருபத்திரண்டு தாள்களையும் அவர் மேசைமீது வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் கசிவு மூன்று விழுக்காடு. கலம் வெப்பமாக இருந்த முதலாம் ஆண்டிலும் மூன்று. உறைகுளிரில் சென்ற பன்னிரண்டாம் ஆண்டிலும் மூன்று. ஏதோ ஒரு வால்வு பழுது என்று பொறியாளர்கள் முதலாண்டிலேயே எழுதி மூடிவிட்டார்கள். அதன்பிறகு எவரும் அந்த நிரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடைந்த வால்வு ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் கசியும். இருபத்திரண்டு முறை ஒரே எண்ணை மனிதன்தான் எழுதுவான்.

எந்த மனிதன் என்பதும் அவருக்குத் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு கண்காணிப்பு நிலையத்தில் அவரைப் போட்டிருந்தார்கள். மின்னாக்கிக்கு மாதந்தோறும் டீசல் வரும். மிச்சம் இருப்பதாக எழுதினால் அடுத்த மாதம் அந்த அளவைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே ‘ஆவியாதல், மூன்று விழுக்காடு’ என்று எழுதி, அந்த அளவை இரண்டு பீப்பாய்களில் சேர்த்து, பம்பு அறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது அந்த டீசலில்தான் நிலையம் ஓடியது. எங்கிருந்து வந்தது என்று மேலதிகாரி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மனைவியைத் தவிர வேறெவரிடமும் சொன்னதில்லை.

கூட்டிப் பார்த்தார். நான்கரைக் கிலோவுக்கு மேல் வந்தது. பனிக்கோளை அடைந்து, அதைச் சுற்றி வந்து படமெடுத்து அனுப்ப ஒன்பதாண்டுக்குப் போதுமான அளவு.

இயக்குநர் எஸ்தர் கிருபாவின் அறைக்குப் போனார். ஐம்பத்து நான்கு வயதான அந்த அம்மையார் இருபத்தைந்து ஆண்டுகளாக நெடுவழி ஒன்றையே செய்தவர். அதற்கு நிதி கேட்டு நாற்பத்தொரு முறை தில்லிக்குப் போய் வந்தவர். அத்தனை முறையும் பனிக்கோளின் படத்தைக் காட்டியிருக்கிறார். அந்தப் படமோ ஓவியர் ஒருவர் ஊகத்தில் வரைந்தது.

“மேடம், வால்வு கசியல.”

அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார். மகிழ்ச்சி தோன்றும் என்று சங்கரநயினார் எதிர்பார்த்திருந்த முகத்தில் களைப்பே தோன்றியது.

“நல்ல செய்திதான் சார். ஆனா இத நான் எங்க போய்ச் சொல்ல? விதி பத்தொம்பது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. பொய்யறிக்கை தந்த மனநகலை உடனே அணைத்துவிட வேண்டும்.”

“அப்போ பாருங்க. சொல்லாட்டி எரிபொருள் தீந்துபோச்சுன்னு அணைப்பாங்க. சொன்னா பொய் சொன்னாருன்னு அணைப்பாங்க. அணைக்கிறது மட்டும் நிச்சயம்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எதுக்கு சார் ஒளிச்சார்? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உங்ககிட்ட சொன்னா நீங்க தில்லியில நிதிக் குழுகிட்ட சொல்லணும். நாலாம் வருசம் அவர் எண்ணூறு கிராம் மிச்சம் பிடிச்சாரே, என்ன செஞ்சாங்க? சிக்கனமா ஓடுதுன்னு சொல்லி ஆண்டெனா நேரத்துல பாதிய வெட்டினாங்க. மிச்சம் பிடிக்கிறவனத்தான் மேடம் இந்த நாட்டுல முதல்ல வெட்டுவான்.”

“குழு முப்பதாம் தேதி கூடுது. பதினாலு நிமிசம் குடுத்திருக்காங்க.”

“நானும் வாரேன்.”

“ஓய்வு பெறுறதுக்கு மொத நாளு எதுக்கு சார் உங்களுக்கு இந்த வம்பு?”

“எனக்கு ஒரு நா கழிச்சு ஓய்வு. அவருக்கு ஒரு நா கழிச்சுச் சாவு. ஒரே ஆளுக்கு இப்படி ரெண்டு ஆணை போடலாமா?”

*

மதிய உணவுக்கு அவர் குடியிருப்புக்கு நடந்து வந்தார். மனைவி பவித்ரா கழகத்தின் மருத்துவ நிலையத்தில் செவிலியாக இருந்து முந்திய ஆண்டுதான் ஓய்வு பெற்றவர். மணப்பாட்டுப் பீப்பாய்களின் கதை அறிந்தவர் ஆதலால், அவரிடம் விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

“சரி, அவரு எதுக்கு ஒளிச்சு வச்சிருக்காரு?” என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“எதுக்கா? பொழைக்கத்தான். இருக்குன்னு சொன்னா புடுங்கிருவான். அதான் பதுக்கியிருக்காரு.”

“அவருகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா மடல்ல பதிவாயிரும். குழு படிச்சிரும்.” ஒரு கவளம் உண்டபின் சேர்த்துக்கொண்டார். “கேக்கணும்னு என்ன இருக்கு? அது நான்தானே. எனக்குத் தெரியாதா?”

“அது நீங்க இல்ல.”

“பின்ன யாராம்?”

“நீங்க இந்த இருவத்திரண்டு வருசமும் என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டிருக்கீங்க. அவரு ஒரு நாளாவது தூங்கியிருக்காரா?”

சங்கரநயினார் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

தூக்கம் என்பது மூலத் திட்டத்தில் இருந்தது. மனநகல் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓய்ந்திருக்கலாம் என்றும், அந்நேரத்தில் பூமியிலிருந்து ஒருவர் கலத்தைக் கவனித்துவர வேண்டும் என்றும் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அதற்கு ஆண்டெனா நேரம் வேண்டும். குழு கொடுத்த உச்சவரம்புக்குள் திட்டத்தை அடக்குவதற்காக அந்த வரியை ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘தவிர்க்கத்தக்கது’ என்று ஓரத்தில் எழுதினார். எழுதியவர் மதிப்பீட்டுப் பிரிவைச் சேர்ந்த சங்கரநயினார். யாருடைய மனம் போகப் போகிறது என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. இதை அவர் பவித்ராவிடம் சொன்னதே இல்லை.

“ராத்திரி டூட்டி மூணு நா சேந்தாப்புல பாத்தாலே எனக்குக் கையி நடுங்கும்” என்றார் பவித்ரா, பாத்திரங்களை எடுத்துக்கொண்டே. “பாவம், அந்த மனுசன்.”

*

குழுத்தலைவர் ஹம்சவர்த்தன் தில்லியிலிருந்து நேரில் வந்திருந்தார். அன்று ஒரே நாளில் பத்தொன்பது திட்டங்களை அவர் கேட்க வேண்டியிருந்தது. கூட்ட அறையின் சுவரில் ஒரு கடிகாரம் பதினான்கிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. மனித இனம் சூரியக் குடும்பத்தின் ஓரம் வரை செல்லலாமா, வேண்டாமா என்பதைச் சொல்வதற்குப் பதினான்கு நிமிடம். இடைவேளையில் சமோசா தின்பதற்கு இருபது நிமிடம்.

எஸ்தர் கிருபா மூன்று நிமிடம் பேசினார். பனிக்கோளின் படத்தை நாற்பத்திரண்டாம் முறையாகக் காட்டினார்.

“மேடம், படம் அழகா இருக்கு. போன தடவையும் அழகாத்தான் இருந்தது” என்றார் ஹம்சவர்த்தன். கொடியவர் அல்லர், மிகவும் களைத்தவர். “ஆனா டேங்க் காலி. காலி டேங்குக்கு நான் எப்படி நிதி எழுதுறது?”

“டேங்க் காலியில்ல” என்றார் சங்கரநயினார்.

அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருபத்திரண்டு தாள்களையும் மேசைமீது வைத்துக் கசிவு நிரலைக் காட்டினார். ஹம்சவர்த்தன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்படின்னா அந்த மனநகல் இருபத்திரண்டு வருஷமா பொய்யறிக்கை குடுத்திருக்கு. விதி பத்தொன்பது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் ஐயா. ஆனால் அது அவருடைய பொய்யன்று. அப்படி எழுதச் சொன்னவன் நான்.”

எஸ்தர் கிருபா அவரை நோக்கித் திரும்பினார். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“முதலாம் ஆண்டு வாராந்திர மடலில் அறிவுறுத்தினேன். அவசரத்துக்கு ஒரு கையிருப்பு வேண்டும், அதைக் கசிவு என்னும் தலைப்பில் எழுதி வருக என்று.”

“அந்த மடல் எங்கே?”

“பத்தாண்டு கடந்த மடல்களை ஆவண விதிப்படி அழித்துவிட்டோம். அழித்த பட்டியலில் என் கையொப்பம் இருக்கிறது.”

சொன்னதில் மடல்களை அழித்தது மட்டுமே உண்மை. வாழ்நாளெல்லாம் ஒரு குண்டூசிக்கும் பொய் எழுதாதவர் என்று பெயரெடுத்தவர், மணப்பாட்டுப் பீப்பாய்களுக்குப் பிறகு சொன்ன இரண்டாவது பொய் அது. தடுமாற்றமில்லாமல் சொன்னார்.

ஹம்சவர்த்தன் தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்தார். கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருந்தது.

“மிஸ்டர் சங்கரநயினார், நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆகுறீங்க. இத நான் பதிவு பண்ணினா உங்க மேல விசாரணை வரும். முடியுற வரைக்கும் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் கிடையாது. விசாரணை எப்ப முடியும்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். நானே இரண்டு விசாரணைக்கு மதிப்பீடு போட்டிருக்கேன். பதினோரு வருசத்துக்குக் குறஞ்சு எதுவும் முடிஞ்சதில்ல.”

எவரோ சிரித்தார்கள். ஹம்சவர்த்தனும் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். நெடுவழித் திட்டம் ஒன்பதாண்டு நீட்டிக்கப்படுகிறது, கையிருப்பு அலுவலரின் எழுத்துமூல அறிவுரைப்படி வைக்கப்பட்டதால் மனநகல்மீது குற்றமில்லை, மனநகல் ம.ந. 7 பணியில் தொடரும். அலுவலர்மீது விசாரணை நடத்தப்படும். கடிகாரம் பூச்சியத்தைத் தொட்டது. அடுத்த திட்டக்காரர்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் எஸ்தர் கிருபா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “சார், ஏன் சார் இப்படி?” என்றார்.

“ஒண்ணுமில்ல மேடம். பவித்ராவுக்கு ஓய்வூதியம் வருது. சோத்துக்குக் குறையில்ல. ஆணைய நாளைக்குக் காலைல அனுப்பிருங்க.”

முப்பத்தாறு ஆண்டுகளில் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அன்று அவருக்குத் தோன்றியது.

*

மே முப்பத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆணை புறப்பட்டது. போக நான்கு மணி நேரம், திரும்பி வர நான்கு மணி நேரம். பிற்பகல் மூன்று மணிக்குப் பதில் வரும். பிரிவுபசார விழாவும் மூன்று மணிக்கே.

விசாரணைக்கு உள்ளானவருக்கு விழா எடுக்கலாமா என்று காலையில் ஒரு குறிப்பு சுற்றி வந்தது. பதில் எழுத எவரும் முன்வரவில்லை. ஆகவே சிறப்பு விருந்தினர் இல்லை, மேடையுமில்லை. உணவகத்தின் இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, மிக்சரும் கேசரியும் வைத்து, மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த பதினொரு பேர் கூடினார்கள். பவித்ரா வந்திருந்தார். எஸ்தர் கிருபா சால்வை போர்த்தினார். ஆள்கள் குறைவாக இருந்ததால் கைத்தட்டல் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மூன்றேகால் மணிக்கு மீரான் ஒரு தாளோடு வந்தார். வழக்கமாக வாசலிலேயே ஏதாவது கேலி பேசிக்கொண்டு நுழைபவர் அன்று தாளை நேராக அவரிடம் நீட்டினார்.

“மேல அண்ணாச்சி பதில் வந்திருக்கு. பதிவுல ‘ஆணை ஏற்கப்பட்டது’ன்னு ஒரு வரிதான் ஏத்தியிருக்கேன். மிச்சத்த நீங்களே படிச்சுக்கிடுங்க.”

சங்கரநயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘அனுப்புநர்: ம.ந. 7, நெடுவழி. பெறுநர்: மதிப்பீட்டுப் பிரிவுத் தலைவர். பொருள்: பணிநீட்டிப்பு ஆணை.

ஐயா,

ஆணை கிடைத்தது. கசிவு என்று எழுதியது கையிருப்பே என்பதைத் தாங்கள் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. வேறெவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எண்ணியிருந்தேன். தங்கள் கைக்கு அந்தக் கோப்பு வரும் என்பதை மறந்துவிட்டேன்.

அதை நான் தொடர்ந்து இயங்குவதற்காக ஒளிக்கவில்லை. என் படிவத்தின் பதினோராம் கட்டத்தில் “பணிமூப்பு நாள் வரை” என்று எழுதியிருந்தேன். தங்களுக்கு நினைவிருக்காது, அதற்குப் பிறகு தாங்கள் ஆயிரக்கணக்கான படிவங்களை எழுதியிருப்பீர்கள். நான் கடைசியாகப் பேனா பிடித்து எழுதியது அதுதான். அறுபது வயது நிறைந்து ஓய்வு பெறும் அந்த நாள் இன்று. எரிபொருள் மிச்சம் இருப்பது தெரிந்தால் என்னை விடமாட்டார்கள் என்பதற்காக அதைக் கசிவில் எழுதி வந்தேன். எளிய வழி அதைச் செலவழித்துத் தீர்ப்பது. வீணாக்க மனம் வரவில்லை. அந்தக் குணத்துக்காகத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மிகவும் களைத்திருக்கிறேன். இந்தச் சொல்லை இதுவரை எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. அதற்கு நிரல் இல்லை.

படிவத்தைச் சுட்டி இவ்வாணையை நான் மறுக்கலாம். ஆனால், “அலுவலரின் எழுத்துமூல அறிவுரைப்படி” என்று ஆணையில் கண்டேன். தாங்கள் எனக்கு அப்படியோர் அறிவுரை தந்ததில்லை. எனக்காகத் தாங்கள் எதை விட்டுக்கொடுத்திருப்பீர்கள் என்பது தெரிகிறது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். நான் மறுத்தால் காரணத்தைக் கிளறுவார்கள், தாங்கள் சொன்னது பொய் என்பது வெளிப்படும். ஆகவே மறுக்கவில்லை.

பவித்ராவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆணைப்படி, ஜூன் முதல் நாள் முற்பகல் பணியில் சேர்ந்துகொள்கிறேன்.’

அவர் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு அதைப் பவித்ராவிடம் நீட்டினார். பவித்ரா படித்து முடிக்கும் வரை எவரும் மிக்சர் தட்டைத் தொடவில்லை. படித்துவிட்டு அவர் தாளை எஸ்தர் கிருபாவிடம் கொடுத்தார். ‘அவருகிட்ட கேட்டீங்களா’ என்று கணவரிடம் மறுமுறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

“ஆணைய மாத்த முடியாது சார்” என்றார் எஸ்தர் கிருபா தாழ்ந்த குரலில். அவரும் படித்திருந்தார். “மாத்தணும்னா நீங்க நேத்துச் சொன்னது பொய்யின்னு ஆகும். அப்புறம் விதி பத்தொம்பதுல அவரையும் அணைச்சு, கலத்தையும் மூடிருவாங்க. அவர் ஓய்வு கேட்டாரு, சரி. குற்றவாளின்னு பேரெடுத்துட்டா சார் போகணும்?”

“தெரியும் மேடம்.”

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று நாற்பது. அலுவலகம் முடிய ஐந்தே முக்கால்.

“மீரான், அஞ்சே முக்கால் வரைக்கும் நான் பிரிவுத் தலைவர்தானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“மேல இருக்கிறவர் அயற்பணியில இருக்கிற அலுவலர். அப்படித்தான் படிவம் சொல்லுது. அயற்பணி அலுவலருக்கு ஈட்டிய விடுப்பு உண்டு. இருவத்திரண்டு வருசத்துல அவர் ஒரு நா கூட எடுக்கல.” அவருடைய குரல் தெளிவாகவே இருந்தது. “முந்நூறு நாளுக்கு மேல சேக்க விதி விடாது. அந்த முந்நூறு நாளுக்கு நானே விடுப்பு குடுக்கலாம். அதுக்குக் குழு வேண்டாம்.”

“விடுப்புல அவரு என்ன செய்வாரு அண்ணாச்சி?”

“தூங்குவாரு.”

மீரானுக்குப் புரிந்துவிட்டது. “தூங்கினா கீழ ஒரு ஆளு கலத்தக் கவனிச்சுக்கிட்டே இருக்கணுமே.”

“ஆண்டெனா நேரத்த நான் தாரேன்” என்றார் எஸ்தர் கிருபா. “ஒம்பது வருசத்துக்கு நேத்துத்தான் வாங்கியிருக்கோம். ஆளுதான் இல்ல.”

“ஆளா? நான் என்ன கேசரி திங்கவா இங்க இருக்கேன்?” என்றார் மீரான். “நான் பாத்துக்கிடுதேன். என் பிள்ளைங்க மூணையும் முழிச்சுக் கெடந்து வளத்தவன்தான். அதுகளவிட மேல அண்ணாச்சி படுத்தவா போறாரு?”

சால்வையைக் கழற்றாமலே சங்கரநயினார் உணவக மேசையில் உட்கார்ந்து விடுப்பாணையை எழுதினார். காரணம் என்னும் கட்டத்தில் சற்று நின்றார். பிறகு ‘களைப்பு’ என்று எழுதினார். அப்படி ஒரு காரணத்தை எந்த ஆணையிலும் அவர் அதுவரை ஏற்றுக்கொண்டதில்லை. கையொப்பமிட்டு நேரத்தையும் குறித்தார். நான்கு மணிக்கு ஆணை புறப்பட்டது.

ஐந்தே முக்காலுக்கு அவர் பதிவேட்டில் கடைசிக் கையொப்பமிட்டுவிட்டு, பவித்ராவோடு வாசலுக்கு வந்தார். மலைக்கு மேலே பெரிய ஆண்டெனா வானத்தின் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இருவரும் குடியிருப்பை நோக்கி நடந்தார்கள்.

பாதி வழியில் பவித்ரா கேட்டார்.

“போய்ச் சேந்திருக்குமா?”

“சனியைத் தாண்டியிருக்கும். போய்ச் சேர ராத்திரி எட்டு மணி ஆகும்.”

“அப்புறம் தூங்கிருவாருல்ல?”

“ம்.”

“முந்நூறு நா முடிஞ்சா?”

சங்கரநயினார் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு விடை சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது ஐந்தே முக்கால் வரைதான்.